பூச்சாடிக் காசித்தும்பையும் மிளகாய் நாற்றுமேடையும்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரரின் வீட்டுக்குப் பூச்சாடி எதற்கு என்று கேட்போர் உளர். அது நீருக்கும் நேரத்துக்கும் கேடு என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று. சிறிய சாடியொன்றுக்கு வேண்டிய நீர் நாளொன்றுக்கு ஒரு சிரட்டை அளவே; அதனை இறைப்பதால் எந்தக் கிணறும் வற்றிவிடப்போவதில்லை. விறாந்தையில் ஒரு செடி பூத்து நிற்பின் வீட்டிலுள்ளோர்க்கு மகிழ்ச்சி உண்டாகும். அம்மகிழ்ச்சிக்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

எனினும் பூச்சாடியைக் குறித்துக் கவலைப்படவேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதனைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சாடியிலுள்ள மண் எங்கிருந்து வந்தது, செடி பட்டபின் அம்மண் எங்கே கொட்டப்படுகின்றது என்பதே அது. காசித்தும்பை இனச் செடிகளைப் பொறுத்தவரையில் இக்கேள்வி முக்கியமானது. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழு காசித்தும்பையின் வேரையும் எளிதில் தாக்கும். ஆகவே காசித்தும்பையை வீட்டில் வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். ஆனால் அதன் மண் மரக்கறித் தோட்டத்துடன் கலத்தல் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்தே கமக்காரர் மனங்கொள்ளவேண்டும்.

இச்செடிகளில் மூன்று வகைகள் வீட்டு வளர்ப்புக்கு உரியவை. முதலாவது, நம் முற்றங்களில் நெடுங்காலமாக வளர்ந்துவரும் காசித்தும்பை. இது தென்னாசியாவுக்கு உரிய செடி. விதையிலிருந்து முளைத்து, ஒரு போகத்துக்குள் பூத்துக் காய்த்து மடியும். இரண்டாவது, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய வகை. சன்சிபார்ச் சுல்தானின் பெயரால் முன்னர் வழங்கப்பட்ட இது தட்டையான ஐந்திதழ்ப் பூவும், பூவின் பின்புறம் மெல்லிய வால் ஒன்றும் உடையது. மூன்றாவது, நியூகினித் தீவுக்கு உரிய பெரும்பூ வகை. 1970ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தாரும் லோங்வுட் தோட்டத்தாரும் சேர்ந்து அனுப்பிய குழுவினர் அத்தீவிலிருந்து கொண்டுவந்த செடிகளைக் கலப்பினம் செய்தே இன்று விற்பனையாகும் நியூகினி வகைகள் பலவும் உருவாக்கப்பட்டன.

இவையனைத்தும் இம்பேசன்சு என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. பொறுமையற்றது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். முற்றிய காயைத் தொட்டவுடன் அது வெடித்துச் சுருண்டு விதைகளை வீசியெறிவதால் இப்பெயர் வந்தது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இவ்வேடிக்கை ஒன்றே போதும். செடியைப் பார்க்கும் பொறுப்பை அவர்களே விரும்பி ஏற்பர்.

இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் மலைக் காடுகளிலும் இச்சாதியைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட செடிகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றிற் பல இந்நாட்டையன்றி வேறெங்கும் காணப்படாதவை. அழகாயிருக்கின்றன என்று அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் தகாத செயல். காட்டின் ஈரமும் நிழலும் இன்றி அவை வீட்டில் நிலைப்பதும் அரிது.

எவ்வூருக்கு எவ்வகை என்பதில் தெளிவு வேண்டும். நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களில் ஆபிரிக்க வகை ஆண்டு முழுவதும் பூக்கும். அங்கே செழித்து நின்ற செடியை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுவந்து வைத்தால், சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது பூவுதிர்த்து மெலியும். பகல் வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு, காற்றும் வறண்டிருக்கும்போது இவ்வகை நன்றாகப் பூப்பதில்லை. இதனை அறியாது வாங்குவோர் தம் கையில் இராசியில்லை என்று வருந்துவர். குறை கையில் அன்று, தெரிவில் உள்ளது. வரண்ட வலயத்தில் மாரி தொடங்கும் வேளையில் நாட்டுக் காசித்தும்பையை விதைத்து, மாசி, பங்குனி வரை அதன் பூவைக் கண்டு, பின் விதை எடுத்து வைத்தலே சிறந்தது. ஆண்டு முழுவதும் சாடி பூக்கவேண்டும் என்னும் ஆசையை அப்பகுதியார் விட்டுவிடுதல் நன்று.

சாடியை வைக்கும் இடம் வெளிச்சமுள்ளதாய், உச்சி வெயில் படாததாய் இருக்கவேண்டும். கிழக்குப் பார்த்த விறாந்தை மிகப் பொருத்தம். அறையின் இருண்ட மூலையில் வைத்த செடி ஒளியைத் தேடி நெடுத்து வளரும்; பூவாது. நியூகினி வகை மற்ற ஆபிரிக்க வகையிலும் சற்றுக் கூடுதலான காலை வெயிலைத் தாங்கும். தனி நெடுந்தண்டாய் ஓடும் ஆபிரிக்கச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டுப் புதராகும்.

நீர் விடுவதிலேயே பெரும்பாலான சாடிச் செடிகள் அழிகின்றன. இங்கே நெற்செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நெற்பயிரின் இலையிலும் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் குழல்கள் உள்ளன. ஆதலால் அது தேங்கிய நீரில் நின்றும் வேருக்குக் காற்றை இறக்கிக்கொள்கின்றது. காசித்தும்பைக்கு அத்தகைய வசதி இல்லை. மண்ணிடைவெளிகளில் உள்ள காற்றையே அதன் வேர் நம்பியிருக்கின்றது. இடைவெளி முழுவதையும் நீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சடைத்து அழுகும். வயலில் நீர் கட்டிப் பழகிய கை சாடிக்கும் அவ்வாறே நீர் கட்டுமாயின் செடி பிழைப்பதில்லை.

இதிலுள்ள ஏமாற்றம் யாதெனில், நீர் போதாத செடியும் வாடும். நீர் மிகுந்து வேரழுகிய செடியும் வாடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இலை தொங்கி நிற்கும். நீர் மிகுந்து வாடிய செடிக்கு மேலும் நீர் வார்ப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே வாடிய செடியைக் கண்டதும் செம்பைத் தூக்குதல் கூடாது. முதலில் சுட்டுவிரலை முதற்கணு வரை மண்ணில் அழுத்திப் பார்க்கவேண்டும். மண் உலர்ந்திருந்தால் நீர் வார்க்கலாம்; ஓரிரு மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும். மண் ஈரமாயிருந்தால் நீரை நிறுத்தி, சாடியை நிழலில் வைத்து, அடித்துவாரம் அடைபட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். ஈர மண்ணில் நின்று வாடும் செடிக்கு வேரழுகலன்றி வட்டப்புழுவோ வாடல் நோயோ காரணமாகவும் இருத்தல் கூடும். மிளகாய்த் தோட்டத்திலும் சோதனை இதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையூடு ஊறி வருவது, ஆதலால் வன்மையுடையது. காசித்தும்பை சற்றே அமிலத்தன்மையான மண்ணை விரும்பும். சாடியின் விளிம்பில் வெண்ணிறப் பூச்சுப்போல் உப்புப் படியக் கண்டால், மாதத்துக்கு ஒருமுறை அடித்துவாரத்தால் நீர் வழிந்தோடுமாறு நிறைய வார்த்து உப்பைக் கழுவிவிடல் வேண்டும். மாரியில் பிடித்து மூடிவைத்த மழைநீர் கிடைப்பின் அதுவே நலம்.

சாடியின் கீழ் வைக்கும் தட்டைப்பற்றி ஒரு வார்த்தை. தட்டில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்கு உகந்த இடம். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அந்நுளம்பின் முட்டை நீர் வற்றினாலும் தட்டின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு கிடக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே நீரைக் கவிழ்த்து ஊற்றுதல் மட்டும் போதாது. கிழமைக்கு ஒருமுறையேனும் தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டே இல்லாமல் இரண்டு செங்கற்களின் மேல் சாடியை வைத்தல் அதனினும் மேல். பூவுக்காக வீட்டில் ஒருவர் காய்ச்சலில் விழுதல் எவ்வகையிலும் ஒப்பத்தக்கதன்று.

சாடி மண்ணுக்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உப்பு நீங்கக் கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு கலந்தால் போதும். ஆறு அங்குல வாயுள்ள சாடி ஒரு செடிக்குப் போதுமானது. அடித்துவாரத்தின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வளைவு மேற்புறமாக வைக்கவேண்டும். பசளையில் சிக்கனம் நன்று. வயலுக்கு வைத்திருக்கும் யூரியாவில் ஒரு பிடியைச் சாடியில் போடுவோர் உளர். அது வேரைச் சுடும். சுடாதுவிடினும் இலையை வளர்த்துப் பூவைக் குறைக்கும். மாதமொருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு மேலே தூவினாற் போதும்.

நாட்டுக் காசித்தும்பையை விதையாலேயே பெருக்கவேண்டும். காய் பச்சை மாறி வெளிறும்போது மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டினால் வெடித்த விதைகள் பையினுள் விழும். மற்ற இரு வகைகளையும் தண்டுத்துண்டால் பெருக்கல் எளிது. பூவில்லாத நுனியை மூன்று நான்கு அங்குல நீளத்தில் ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஈரமான தும்புச்சோற்றில் நிழலில் நட்டால் இரண்டு கிழமையளவில் வேர்விடும்.

பூச்சிகளில் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் கவனத்துக்கு உரியவை. இவை மிளகாயில் இலைச்சுருளலை உண்டாக்குவதைக் கமக்காரர் அறிவர். பனிப்பூச்சி பூக்களினுள் பதுங்கியிருக்கும். வெள்ளைக் கடதாசியின் மேல் பூவைத் தட்டினால் சிறு கோடுகள்போல் ஊர்வதைக் காணலாம். அவ்வாறு கண்டால் பூக்களைக் கிள்ளி அழித்து, சாடியை நாற்றுமேடையிலிருந்து தொலைவில் வைக்கவேண்டும். இலையின் கீழ்ப்புறம் மாப்போல வெண்பூஞ்சணம் படர்ந்து இலைகள் உதிர்ந்து தண்டு மட்டும் நிற்குமாயின் அது கீழ்ப்பூஞ்சண நோய். 2003ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும், 2011, 2012ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஆபிரிக்க வகையை இந்நோய் பெருமளவில் அழித்தது. நியூகினி வகை இதனைப் பெரிதும் தாங்குகின்றது. நோயுற்ற செடிக்கு மருந்து தேடுவதிலும் அதனைப் பிடுங்கி எரித்தலே சிக்கனம்.

இனி வட்டப்புழுவுக்கு வருவோம். இப்புழு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வேரினுள் புகுந்த பெண்புழு அங்கேயே தங்கிப் பருத்து, சில நூறு முட்டைகளை இடும். நம்நாட்டுச் சூட்டில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதமே செல்லும். மேலே செடி மஞ்சளித்து, நண்பகலில் வாடி, மாலையில் தெளியும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டிகட்டியாய் வீங்கியிருக்கும். பயற்றம் வேரிலும் போஞ்சி வேரிலும் காணப்படும் சிறுகணுக்களை இதனோடு மயங்கலாகாது. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பவை. விரலால் தேய்த்தால் கழன்றுவிடும். பயிருக்கு நன்மை செய்பவை. வட்டப்புழு முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தால் கழலாது.

வழக்கத்தில் நடப்பது என்ன? சாடிக்கு மண் வேண்டுமென்றால் நன்றாகக் கொத்தி எருவிட்ட மிளகாய்ப் பாத்தியிலிருந்தே அள்ளுகின்றனர். செடி பட்டதும் அம்மண்ணை வாழையடியிலோ நாற்றுமேடையின் ஓரத்திலோ கொட்டுகின்றனர். வாழையும் வட்டப்புழுவுக்கு இடங்கொடுக்கும் பயிர் என்பதை நினைப்பதில்லை. பாத்தியில் சிறிதளவாய் இருந்த புழு, அடிக்கடி நீர் பெற்று ஈரமாயிருந்த சாடியில் சில மாதம் பெருகி, நாற்றுமேடைக்குத் திரும்புகின்றது. அங்கிருந்து ஒவ்வொரு நாற்றோடும் தோட்டம் முழுவதும் பரவுகின்றது. நட்ட வயலில் புழு புகுந்தபின் அதனை நீக்குதல் மிகக் கடினம். நாற்றுமேடையில் தடுப்பதோ எளிது.

இதனால் மரக்கறிச் செய்கையாளர் வீட்டில் பூச்சாடியே ஆகாது என்று சொல்வாரும் உண்டு. அது மிகைப்பட்ட கூற்று. மண்ணைச் சூடாக்கிப் பயன்படுத்தினால் அச்சமில்லை. ஈரப்படுத்திய மண்ணை மெல்லிய படையாகத் தெளிந்த பொலித்தீன் பையிலிட்டு, வாயைக் கட்டி, வெயில் நன்கு படும் சீமெந்துத் தரையில் நாலைந்து கிழமை வைத்தால் போதும். கோடையில் செய்தல் சிறந்தது. நாற்றுமேடைக்கு உமியும் வைக்கோலும் பரப்பி எரிக்கும் வழக்கமுள்ளோர், சாடிக்கு வேண்டிய மண்ணையும் அவ்வாறு எரித்த மேடையிலிருந்து விதையிடுவதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம். பழைய சாடி மண்ணைக் கொட்டுமுன்னும் பையிலிட்டு வெயிலில் வைத்தல் வேண்டும். முடிச்சுள்ள வேரைக் கூட்டெருக் குவியலில் போடாது எரித்துவிடவேண்டும்.

எளிதில் தாக்கப்படும் இக்குணத்தையே கமக்காரர் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் இயலும். பெரும்போகத்துக்கு நாற்றுமேடை போட எண்ணியுள்ள நிலத்தில் நாலைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரையுள்ள மண்ணை எடுத்துக் கலந்து, சூடாக்காமலே இரண்டு மூன்று சாடிகளில் நிரப்பி, ஆடி மாதத்தில் நாட்டுக் காசித்தும்பை விதையை இடலாம். சூடாக்கிய மண்ணில் மற்றொரு சாடியும் ஒப்புநோக்க வைக்கவேண்டும். ஆறு கிழமை சென்றபின் செடிகளைப் பிடுங்காமல், சாடியைக் கவிழ்த்து, மண்ணை நீரில் மெல்லக் கரைத்து வேரைப் பார்க்கவேண்டும். முடிச்சுக் காணப்பட்டால் அவ்விடத்தில் அவ்வாண்டு மிளகாய் நாற்றுமேடை போடுதல் கூடாது. காணப்படாவிட்டால் சூடாக்கிய மண்ணில் நின்ற சாடியை விறாந்தைக்கு எடுத்துச் செல்லலாம். மாரி பிடிக்கும்போது அது பூத்திருக்கும்.