காவலுக்கு ஆளுண்டு; கூலிக்குக் காவல் உண்டோ?

யாழ்ப்பாண நகரிலே எத்தனை வங்கிகள், எத்தனை நகைக் கடைகள், எத்தனை அரச காரியாலயங்கள்! அவற்றின் வாயில்களிலே சீருடை தரித்த காவலர் நிற்கின்றனர். பிறருடைய பொருளுக்காக இரவெல்லாம் கண்விழிக்கின்றனர். அவர்களுடைய கூலிக்குக் காவல் யார்? இதுவே எமது வினா.

இக்காவலர் வேற்றார் அல்லர். வெங்காயம் விலைபோகாது நொடித்த கமக்காரர், ஓய்வூதியம் இல்லாத முதியவர், போரிலே கணவனை இழந்து குடும்பச் சுமையைத் தனித்துச் சுமக்கும் தாய் ஆகியோரே இத்தொழிலை நாடி வருகின்றனர். வேறு வழியற்றோர் என்பதனாலேயே அவர்களுடைய கூலியிலே கை வைப்பது எளிதாகின்றது.

சட்டம் இல்லையோவெனின், உண்டு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புச் சேவைக்கெனத் தனிச் சபை இருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 செலுத்துதல் வேண்டும். 2016இல் மாதம் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்சச் சம்பளம், 2025ஆம் ஆண்டின் திருத்தத்தால் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாக உயர்ந்தது. கொழும்புக்கு ஒரு நீதி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு நீதி என்று இச்சட்டங்கள் பிரித்துக் கூறவில்லை.

பின் பழுது எங்கே? கேள்விப்பத்திரத்திலே! காவலரை நிறுவனங்கள் நேரே நியமிப்பதில்லை. பாதுகாப்பு முகவரிடம் விலை கோருகின்றன. குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம் கிடைக்கின்றது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு வாயிலை இரவும் பகலும் காக்க, ஆளுக்கு 12 மணி நேரமாக இருவரேனும் வேண்டும். ஒருவருக்குச் சம்பளம் 30,000. சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 3,600. நம்பிக்கை நிதிக்கு 900. ஆக 34,500 ரூபா. இருவருக்கு 69,000. மேலதிக நேரக் கொடுப்பனவு, விடுமுறைக்கு மாற்றாள், சீருடை, முகவரின் இலாபம் ஆகியன இதற்குப் புறம்பானவை. அவ்வாறாயின், 69,000 ரூபாவுக்குக் குறைந்த விலையை ஏற்றுக் கையொப்பமிடுவோர் எதனை ஏற்கின்றனர்? காவலரின் கூலி களவாடப்படுதலை அன்றோ!

பொதுப் பணத்திலே சிக்கனம் வேண்டும் என்பர். வேண்டியதே. ஆனால் ஏழையின் சேமலாப நிதியிலிருந்து பிடுங்கிய பணம் சிக்கனமாகாது. "முகவரின் தவறுக்கு நாம் பொறுப்பல்லோம்" என்ற வாதமும் நில்லாது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறின் வேலை வாங்கிய தலைமை நிறுவனமே அதனைக் கொடுத்தல் வேண்டும் என இந்தியா 1970இலேயே சட்டம் வகுத்தது. அந்நீதி இந்நாட்டுக்கு ஒவ்வாததன்று.

காவலரே முறையிடலாமே என்பாரும் உளர். தொழில் திணைக்களத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. ஆயினும் முறையிட்டவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சம் அவருடைய வாயை அடைத்துவிடுகின்றது. ஆதலின் தீர்வு ஒப்பந்தத்திலேயே அமைதல் வேண்டும். சட்டப்படியான செலவுக்குக் குறைந்த விலைமனுவை நிராகரித்தல் வேண்டும். காவலர் ஒவ்வொருவருக்கும் சம்பளமும் நிதிப் பங்கும் செலுத்தப்பட்டமைக்குச் சான்று காட்டிய பின்னரே முகவருக்கு மாதப் பணம் வழங்குதல் வேண்டும். தொழில் திணைக்கள அதிகாரிகள் இரவிலும் சென்று காவலரை நேரில் விசாரித்தல் வேண்டும்.

இவற்றைச் செய்விக்கும் ஆற்றல் எமது வாசகரிடமே உண்டு. கேள்விச் சபைகளிலே அமர்வோர் நம் கணக்காளரும் பொறியியலாளரும் வைத்தியரும் அதிபரும் அல்லரோ? தாம் விளைவித்த பொருளுக்குப் பிறர் விலை வைக்கும் கொடுமையைக் கமக்காரர் அறிவர். காவலரின் உழைப்புக்கு நேர்வதும் அதுவே.

1981இலே 97,000இற்கு மேற்பட்ட நூல்களை ஓரிரவில் தீக்கு இழந்த நகரம் இது. காவலின் அருமையை இந்நகருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அருமையறிந்த நாம் அதற்குரிய கூலியைக் கொடுக்கவும் கற்றல் வேண்டும்.