ஓய்வும் லாபக் கணக்கில் சேரும்

ஐரோப்பியரின் வாழ்க்கைத் தரம் என்றதும் நாம் சம்பளத்தையும் காரையுமே எண்ணுகிறோம். ஓய்வையும் எண்ண வேண்டும். சுவீடனில் ஞாயிறன்றும் கடை உண்டு. ஊழியருக்கு ஆண்டுக்கு 25 நாள் விடுமுறை. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வை 1919-லேயே அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். ரயில் நிலையக் கடை, முறை வைத்துத் திறக்கும் மருந்துக் கடை போன்றவை நீங்கலாக எல்லாரும் மூடுவதால் வாடிக்கை கைமாறுவதில்லை.

இங்கே 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தந்தது. 2021-இல் வந்த திருத்தம் உட்கார இருக்கையும் தந்தது. கல்லாவில் இருக்கும் நமக்கு? தனியே மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது.

மே 5 வணிகர் தினத்தில் சேர்ந்து கடையடைக்கும் நாம், பஸ் நிலையக் கடைகள், மருந்துக் கடைகள் தவிர, ஞாயிறு பிற்பகலில் ஆரப்பாளையம் முழுவதும் சேர்ந்து மூடலாமே! சங்கம் முடிவெடுக்கட்டும்.