பூந்தொட்டியைத் தூக்கினால் சமூக சேவையா, சிறையா?

2023-ல் ஜி20 கூட்டத்துக்காக குருகிராம் சாலையோரம் வைத்த பூந்தொட்டிகளை, சொகுசு காரில் வந்தவர்கள் அள்ளிப்போட்டுப் போன வீடியோ நினைவிருக்கிறதா? அது வைரலாகி, ஒருவர் கைதும் ஆனார். 'தொட்டிக்குப் போய் திருட்டு கேஸா?' என்று சிரிக்கத் தோன்றும். இன்றைய சட்டப்படி அது சிரிக்கிற விஷயமே இல்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான். நடைபாதைக் கடையில் தொட்டியைத் தூக்கியவருக்கு இது பொருந்தும்.

அதே தொட்டி மாநகராட்சியுடையது என்றால்? 305-வது பிரிவு வந்துவிடும். அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் சொத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஜாமீனில் வர முடியாத குற்றம் வேறு (ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை, கோர்ட் மனசு வைக்கணும்). 5,000 ரூபாய் கணக்கெல்லாம் இந்தப் பிரிவில் கிடையாது.

செம்புக் கேபிளை அறுத்து விற்கும் கும்பலுக்கு இந்தக் கடுமை நியாயம்தான். பார்க்கில் ஒரு செடியைப் பிடுங்கிய மாணவனையும் அதே பிரிவில் நிறுத்துவது ஓவர். 303-ல் உள்ள சலுகையை நாடாளுமன்றம் இதற்கும் நீட்டிக்க வேண்டும். அதுவரை, மாட்டியவர் எஃப்ஐஆரில் முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண்ணைத்தான்: 303-ஆ, 305-ஆ?