பெல்லாரிச் சிறையில் கம்பனும் மில்டனும்

எங்கள் பொம்மனஹள்ளித் தெருவில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் தம்பி ஒருவன் சென்ற வாரம் வந்து, "அண்ணா, மில்டனுக்கு கைடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். நான் மெட்ரிக் படித்த ரயில்வே குமாஸ்தா. கைடு என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பினேன். வாசக அன்பர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மில்டன் 1652-க்குள் இரு கண்களையும் இழந்தவர். அவர் வாயால் சொல்ல, பிறர் எழுதிய காவியம் 'இழந்த சொர்க்கம்'. பத்தாயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. 1667-இல் அது அச்சேறியபோது அவருக்குக் கிடைத்த முன்பணம் 5 பவுன்.

19-ஆம் நூற்றாண்டிலேயே அது தமிழுக்கு வந்துவிட்டது. கொண்டு வந்தவர் காலேஜ் பேராசிரியர் அல்லர். கால்நடை வைத்தியத் துறையில் உத்தியோகம் பார்த்த வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியார், அதன் முதல் காண்டத்தை 'சுவர்க்க நீக்கம்' என்ற பெயரில் தமிழாக்கினார்.

வ.வே.சு. ஐயர் இன்னும் ஒரு படி மேலே போனார். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த அவருக்கு 1921-இல் ராஜத்துரோக வழக்கில் ஒன்பது மாதச் சிறை. அன்று சென்னை ராஜதானியில் இருந்து, இன்று கர்நாடகத்தில் உள்ள பெல்லாரியில்தான் அடைக்கப்பட்டார். அங்கே அவர் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பனை நிறுத்தி எடை போட்டு, எவருக்கும் அவன் இளைத்தவன் அல்லன் என்று காட்டினார். இது மேடைப் பெருமை அல்ல. இருபக்கமும் படித்தவர் சொன்ன தீர்ப்பு.

ஐயர் 1925-இல் மறைந்தார். 1950-இல் அந்த ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டது தில்லித் தமிழ்ச் சங்கம். ஆம், நம்மைப் போல வெளி மாநிலத்தில் வேலை பார்த்த தமிழர்களின் சங்கம்தான்!

இங்கே நம் பகுதிச் சங்கங்கள் என்ன செய்கின்றன? ஆண்டு விழா, மெல்லிசை, பொன்னாடை. வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெரியவர் ஒருவர் கம்பனின் இராவணனைப் படிக்கட்டும். காலேஜ் பிள்ளை மில்டனின் சாத்தானைப் படிக்கட்டும். வீழ்ந்தும் தலை வணங்காத அந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு கவிகளுமே விளங்குவார்கள். அடுத்த வீட்டுக் கன்னட நண்பர் பம்பனைக் கொண்டு வந்தால் மிக மிக நல்லது.

பரீட்சை முடிந்தால் கைடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு மில்டன் வெறும் மார்க்காகவும், கம்பன் வெறும் பெயராகவும் நின்றுவிடக் கூடாது. சங்க நிர்வாகிகள் யோசிப்பார்களா?