நோயாளியின் சொல்லே முதற்சான்று

நோய்கள் யாவும் நூலில் எழுதியவாறே நோயாளியிடம் வருவதில்லை. இருமலும் சளியும் காசநோயின் அடையாளம் என்று பாடநூல் வரையறுக்கிறது. மருத்துவமனைப் படுக்கையிலோ அதே நோய் வேறொன்றின் வேடம் புனைந்து கிடக்கிறது. வேடத்தைக் கலைக்கக் கருவிகள் பல வந்துவிட்ட இக்காலத்திலும், நோயாளி தம் தாய்மொழியில் கூறும் சொல்லே முதற்சான்று என்பது நம் கருத்து. தமிழ்த்துறை மலரில் மருத்துவம் பற்றி எழுத முனைந்ததும் அதனால்தான்.

1882ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அக்கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதன்று. முதுகெலும்பில் தங்கின் நெடுநாள் முதுகுவலி. குடலில் தங்கின் வயிற்றுவலி, உடல்மெலிவு. மூளையுறையில் தங்கின் தலைவலி, நினைவு மயக்கம். இருமலே இல்லாத காசநோயாளர் எலும்பு மருத்துவரிடமும் வயிற்று மருத்துவரிடமும் மாறிமாறி அலைவதுண்டு.

உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் தன்தாக்கு நோய்கள் மற்றொரு வகை. அவற்றுள் ஒன்று லூபஸ். இலத்தீன் மொழியில் இச்சொல் ஓநாயைக் குறிக்கும். இந்நோயுற்றோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் செம்படை தோன்றின் இனங்காண்பது எளிது. அது தோன்றாமல் நீண்ட காய்ச்சல், எடைக்குறைவு, நுரையீரல் உறையில் நீர்க்கோவை என வந்தால் என் செய்வது? இவையனைத்தும் காசநோய்க்கும் உரியனவே. இடர் இங்கேதான் உள்ளது. லூபசுக்கு அளிக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்குவது. உள்ளிருப்பது காசநோயாயின் அது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். மறுதலையாக, லூபசைக் காசநோயெனக் கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால், அதற்குள் சிறுநீரகம் பழுதாகலாம். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குத் தீங்காகும் நிலை இது. ஒத்துத் தோன்றும் நோய்களைப் பிரித்தறிவதே மருத்துவத்தின் உயிர்நாடி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதிய அறிஞர் அல்-ராஸீ இதற்கு நல்ல முன்னோடி.

தமிழகத்திலும் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை எண்ணிப் பார்ப்போம். புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது இது. டெங்கு, டைபாய்டு என மயங்க இடமுண்டு. கடித்த இடத்தில் தோன்றும் கருகிய சிறுபுண் பெரும்பாலும் வலிப்பதில்லை; அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருப்பின் நோயாளியே அறியார். நாணத்தால் பெண்கள் காட்டவும் தயங்குவர். "விறகு பொறுக்கப் போனீர்களா அம்மா?" என்ற கேள்வியும், செவிலியர் துணையோடு பரிவாகச் செய்யும் உடற்சோதனையும் ஓர் உயிரைக் காக்கக்கூடும். காலத்தே அறிந்தால் டாக்சிசைக்ளின் எனும் விலை குறைந்த மருந்தே போதுமானது.

நன்றாயிருந்த இளம்பெண் சில நாள்களில் பிதற்றுகிறாள். கைகால் வெட்டி இழுக்கிறது. பேய் என்பர் சிலர். பித்து என்பர் சிலர். மூளையின் ஏற்பிகளை உடலே தாக்குவதாலும் இந்நிலை வரக்கூடும் என்பதை 2007இல் டால்மாவ் குழுவினர் விளக்கினர். உரிய மருத்துவத்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர். "போன வாரம்வரை இவள் இப்படி இல்லையே" என்று அழும் தாயின் சொல்லைச் செவிமடுப்பவரே நோயின் வாயிலை அடைவார்.

ஆய்வுக்கூடம் இருக்கச் சொல் எதற்கு எனச் சிலர் வினவலாம். கேட்ட கேள்விக்கு மட்டுமே ஆய்வுக்கூடம் விடை தரும். எதைக் கேட்பது என்பதை உணர்த்துவது நோயாளியின் சொல். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், மதமதப்பு எனத் தமிழில் வலிக்கு எத்தனை பெயர்கள்! எரிச்சலும் மதமதப்பும் நரம்பைச் சுட்டக்கூடும். "காலையில் விரல் மடங்கவில்லை, வெயில் ஏறினால் சரியாகிறது" என்பது மூட்டழற்சியின் குரல். "வேலை செய்தால்தான் வலிக்கிறது" என்பதோ பெரும்பாலும் தேய்மானத்தின் குரல். ஆங்கிலக் குறிப்பேட்டில் இவையனைத்தும் 'வலி' என்னும் ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றன. மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமிழில் நூல்களும் ஆக்கினார். அவ்வழியில் நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தமிழ்த்துறை மாணவர்கள் ஊர்தோறும் சென்று மக்கள் வழங்கும் நோய்ச்சொற்களைத் தொகுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் அவற்றைத் தம் மாணவர்க்குப் பயிற்ற வேண்டும். சொல்லாய்வு உயிர்காக்கும் தொண்டாகவும் ஆகலாம் எனின், அதனை ஏற்பதில் நமக்குத் தயக்கம் எதற்கு?