பரவாயில்லைக்கு இங்கிலீஷில் என்ன?

இந்த ‘பரவாயில்லை’ நம்மை ரொம்பவே சோம்பேறி ஆக்கி வைத்திருக்கிறது. காலை மிதித்தவர் ஸாரி சொன்னால் பரவாயில்லை. காபி எப்படி என்றால் பரவாயில்லை. பையனுக்கு மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. (இந்தப் ‘பரவா’ பாரசீகச் சரக்கு, உருது வழியாக வந்தது. இந்திக்காரர்களின் ‘பர்வா நஹி’யும் அதே வகையறாதான்.)

ஊரில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. புனே மாதிரி இடத்துக்கு வேலைக்கு வந்து, இந்தி அரைகுறை, மராத்தி அதுவும் இல்லை என்ற நிலையில் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வேண்டி வரும்போதுதான் வம்பு. ‘டோன்ட் வொர்ரி’, ‘நெவர் மைண்ட்’, ‘நோ ப்ராப்ளம்’, ‘இட்ஸ் ஓகே’ எல்லாம் பரவாயில்லைதானே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாம் ஒன்றல்ல என்பது என் கட்சி. ‘இட்ஸ் ஓகே’ மன்னிப்புக் கேட்டவருக்கு. ‘நோ ப்ராப்ளம்’ உதவி கேட்டவருக்கு, நன்றி சொன்னவருக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இப்போது என் பெண் வாயிலும் இருக்கிற ‘நோ வொரீஸ்’ இந்த இரண்டுக்கும் ஆகும்.

‘நெவர் மைண்ட்’தான் ஆபத்து. நடந்தது சின்ன விஷயம், விட்டுத்தள்ளுங்கள் என்று அர்த்தம். என் நஷ்டத்தைச் சின்னது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் நஷ்டத்தை நான் சொல்லக்கூடாது. சில வருஷம் முன்பு, இறந்துபோன கணவரின் டெபாசிட்டுக்காக எங்கள் கிளைக்கு ஓர் அம்மா வந்தார். இறப்புச் சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் இருந்த நம்மூர்ப் பையன் நல்ல மனசோடுதான் ‘நெவர் மைண்ட் மேடம், நெவர் மைண்ட்’ என்றான். அவன் சொன்னது சான்றிதழை. அந்த அம்மா காதில் விழுந்தது வேறு. பேசாமல் எழுந்து போனவர் அடுத்த முறை மகனைத்தான் அனுப்பினார்.

‘டோன்ட் வொர்ரி’ இனிமேல் நடக்கப் போவதைப் பற்றிய பயத்துக்கு. கிட்டத்தட்ட வாக்குக் கொடுப்பது மாதிரி. பின்னாலேயே விவரமும் வர வேண்டும். ‘டோன்ட் வொர்ரி, நாமினி நீங்கள்தான், கோர்ட்டுக்குப் போக வேண்டாம், எல்லாப் பேப்பரும் வந்து 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி’ என்று அந்தப் பையன் சொல்லியிருக்கலாம்.

2019 செப்டம்பரில் பிஎம்சி வங்கியில் 1000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி முதலில் கட்டுப்பாடு போட்டபோது, மற்ற வங்கிக்காரர்களிடமும் ஜனங்கள் ‘எங்க பணம் பத்திரமா?’ என்று கேட்டார்கள். வெறும் ‘டோன்ட் வொர்ரி’யைக் கேட்டு யாருக்கும் பயம் தெளியவில்லை. அன்றைக்கு டெபாசிட் காப்பீடு 1 லட்சம் வரைதான் (2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம்). அதை உள்ளபடி சொன்னால் முகம் வாடும், ஆனால் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

போனில் யாரோ பேசி ஏமாற்றிப் பணத்தை உருவிவிட்டான் என்று ஓடி வருபவரிடம் இந்த நாலில் எதுவும் வேண்டாம். பணம் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ‘உட்காருங்க, முதல்ல 1930க்கு போன் போடுவோம்’ போதும்.

மராத்திக்காரர்கள் இதில் தெளிவு. மன்னிப்புக்கு ‘காஹி ஹர்கத் நாஹி’, பயத்துக்கு ‘காள்ஜி கரூ நகா’. நமக்கும் ‘கவலைப்படாதீங்க’ தனியாக இருக்கத்தான் செய்கிறது. கல்கத்தா, அகமதாபாத் பக்கம் இருப்பவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்களேன்.