பூண்டு ஏற்றும் வண்டிக்கு எந்த டயர்?

மன்னவனூரிலோ பூம்பாறையிலோ பூண்டு ஏற்றுகிற பிக்கப் வண்டி ஒரே நாளில் மூன்று விதத் தரையைப் பார்த்துவிடுகிறது. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்து சேரும்வரை சேறும் சரளையும். கொடைக்கானலைத் தாண்டினால் பெருமாள்மலை வழியாக வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. காட்ரோடு பிரிவில் இறங்கியதும் திண்டுக்கல்–தேனி நெடுஞ்சாலை. வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் அங்கே வேகம் 80-ஐத் தொட்டுவிடும். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டியவை அதே நான்கு டயர்கள்தான்.

டயர் கடையில் இந்தப் பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. விலை கேட்கிறோம், பட்டன் எவ்வளவு ஆழம் என்று விரலை விட்டுப் பார்க்கிறோம். இளம் உரிமையாளர்களுக்கோ, முரட்டுக் கட்டைகள் துருத்தி நிற்கும் டயரைப் பார்த்ததுமே மனம் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டிக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் அது மட் டெரெய்ன் டயர், சேற்றுக்கென்றே செய்தது. கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருப்பதால், சக்கரம் சுழலச் சுழலச் சேற்றை உதறிவிட்டு மறுபடி மண்ணைக் கவ்வும். தார்ச்சாலையில் அந்த இடைவெளியே குறையாகிவிடுகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான கட்டைகள் வளைவில் நெளிகின்றன. மழையில் பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். இரைச்சலும் டீசல் செலவும் தனி.

ஹைவே டெரெய்ன் டயர் இதற்கு நேர் எதிர். நெருக்கமான வரிகள், மெல்லிய கீறல்கள். மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நல்ல பிடி கொடுக்கும். ஈரத் தோட்டத்துக்குள் போனால் வரிகளில் மண் அப்பி மொட்டை டயர் போலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆல் டெரெய்ன். என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை, முனையில் மட்டும் மண்பாதை என்றால் ஆல் டெரெய்னுக்கு மேல் போகாதீர்கள். தார்ச்சாலை மட்டும்தான் என்றால் ஹைவே டெரெய்னே தாராளம்.

பட்டனைவிட முக்கியமானது டயரின் பக்கச் சுவரில் இருக்கிறது. சரக்கு வண்டி டயரில் அளவுக்குப் பக்கத்தில் 106/104 என்பதுபோல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். அவை பாரக் குறியீடுகள். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 106 என்றால் 950 கிலோ, 104 என்றால் 900 கிலோ. நம் பிக்கப்புகளில் பெரும்பாலும் பின்னால் ஒற்றைச் சக்கரம்தான். ஆகவே 106 போட்ட டயர் இரண்டும் சேர்ந்து பின் அச்சில் 1,900 கிலோ தாங்கும். இதில் வண்டியின் சொந்த எடையில் பின்பக்கம் விழும் பங்கும் அடக்கம் என்பதை மூட்டை ஏற்றும்போது மறந்துவிடுகிறோம். அந்த 1,900 கிலோவும் டயருக்கு விதித்த காற்றழுத்தம் முழுமையாக இருந்தால் மட்டுமே.

காட்ரோடு பக்கம் ஒரு பஞ்சர் கடையில் நின்றிருந்தபோது பாரத்தோடு ஒரு பிக்கப் வந்தது. கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பின்னாடி வலது டயர்ல நாப்பத்தஞ்சுதான் இருக்கு. இந்த லோடுக்குப் பத்தாதுண்ணே" என்றார். ஓட்டுநர் குனிந்து பார்த்தார். "பார்வைக்கு நல்லாத்தானப்பா இருக்கு!" அவரைக் குறை சொல்ல முடியாது. பல அடுக்கு கொண்ட லோடு டயரில் பத்துப் பதினைந்து பவுண்டு குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, மலையிறங்கிய சூட்டில் காட்டிய கணக்கு அது. ஆறிய டயரில் பார்த்திருந்தால் இன்னும் குறைவாக இருந்திருக்கும்.

டயர் வெடித்தால் வெயிலின் மேல் பழி போடுகிறோம். வெயில் துணைக் காரணம்தான். காற்று குறைந்த டயர் பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிக்கப் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் பிதுங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவதுபோல உள்ளே சூடேறி, அடுக்குகள் பிரிந்து, கடைசியில் வெடிக்கிறது. காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பாருங்கள். வழியில் சூட்டினால் ஏறிய அழுத்தத்தைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். அந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள்.

சேற்றில் சிக்கும் என்று தெரிந்தால், காலி வண்டியில் பத்துப் பவுண்டு குறைத்துக்கொண்டு உள்ளே போகலாம். டயர் பரந்து மண்ணில் மிதக்கும். பாரம் ஏற்றும் முன் திரும்ப நிரப்பியாக வேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது திரும்பி வரும் பயணம். பூண்டை இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும் பிக்கப்பின் பின்பக்கம் லேசு. பாரத்துக்கு ஏற்றிய காற்று அப்படியே இருப்பதால் டயர் கல்லாக இருக்கும். நடுப்பட்டை மட்டுமே சாலையைத் தொடும். சாரல் விழுந்த வளைவில் கொஞ்சம் அழுத்தினாலும் பின்பக்கம் வீசிவிடும். காலிக்கு எவ்வளவு, பாரத்துக்கு எவ்வளவு காற்று என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பல வண்டிகளில் ஓட்டுநர் கதவோரத்திலும் ஒட்டியிருக்கும்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் போடுவதுதான் நம் வழக்கம். பின்னால் போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொள்ளும். மலைப்பாதையில் அதற்கு இடமில்லை.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் தேடுங்கள். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்கின்றன மோட்டார் வாகன விதிகள். அந்த அளவைக் காட்டவே வரிகளுக்குள் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். சமவெளியில் ஓடுகிறவர்களுக்கு அது எல்லை. மழையிலும் பாரத்தோடு மலையிறங்குகிறவர்கள் மேடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.